இடாப்பில் ஏறாத மாற்றங்கள்

அரச அலுவலகங்களிலே சுற்றுநிருபங்கள் இலக்கமிடப்பட்டு வருவதும், அவற்றுள் எது நடைமுறைக்கு வந்தது, எது கோப்பிலேயே உறங்குகிறது என்பதை எழுதுவினைஞர் இடாப்பிற் குறித்து வைப்பதும் யாவரும் அறிந்ததே. இணையச் செயலிகளை ஆக்குவோரின் முறையும் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று.

மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலவில் மிளகு கொள்வனவு செய்யும் சிறு கடையொன்றின் கணக்கைக் கணினியில் ஏற்றித் தந்தவன் கடைக்காரரின் மருமகன். ஜாங்கோ என்னும் பைதன் மொழிச் சட்டகத்திலே அதனை அமைத்தான். ஈரப்பதனுக்காக எவ்வளவு நிறை கழிக்கப்பட்டது என்பதைச் சீட்டிலேயே காட்டவேண்டும் என விவசாயிகள் கேட்டனர். கேட்டது நியாயமே, கழிவு வாய்ச்சொல்லாக இருக்கும்வரை ஐயம் தீராதன்றோ? ஆகவே கொள்வனவு அட்டவணையில் ஈரப்பதனுக்கென ஒரு நிரல் வேண்டியதாயிற்று.

செயலியில் எழுதிய மாத்திரத்தே தரவுத்தளத்தில் நிரல் முளைத்துவிடுவதில்லை. மேக்மைகிரேஷன்ஸ் என்னும் கட்டளை மாற்றத்தை இலக்கமிட்ட கோப்பாக எழுதும். மைகிரேட் என்னும் கட்டளை அதனைத் தரவுத்தளத்தில் நிறைவேற்றி, கோப்பின் பெயரையும் நேரத்தையும் ஜாங்கோ_மைகிரேஷன்ஸ் என்ற அட்டவணையிற் பதியும். கோப்பாக இருந்தும் அவ்வட்டவணையில் இடம்பெறாதது எதுவோ அதுவே நிலுவை. ஷோமைகிரேஷன்ஸ் எனக் கேட்டால், நிறைவேறியவற்றின் பெட்டியிற் பெருக்கற்குறி நிற்கும். நிலுவையானவற்றின் பெட்டி வெறுமையாய்க் கிடக்கும்.

எழுதுவோனின் மடிக்கணினியில் ஓடும் பரீட்சார்த்தச் சேவையகம் நிலுவை உண்டென எச்சரிக்கும். கடையில் ஓடுவது வேறு சேவையகம். அது வாய் திறப்பதில்லை. இல்லாத நிரலைப் புதிய செயலி தேடியபோது, புதிய சீட்டு மாத்திரமன்றிப் பழைய சீட்டுகளுந் திறக்கவில்லை. விவசாயி ஒருவர் மூட்டையோடு நண்பகல்வரை காத்திருந்தார். அவருக்குத் தரவுத்தளம் எதற்கு? அன்றைய பணமே வேண்டும்.

அதன்பின் அவன் செயலி தொடங்குமுன் 'மைகிரேட் --செக்' என்ற சோதனையை வைத்தான். 2020 ஆகஸ்டில் வெளியான ஜாங்கோ 3.1 பதிப்பில் வந்த வசதி இது. எதனையும் மாற்றாது, நிலுவை இருப்பின் பூச்சியமல்லாத விடையோடு முடியும். அவ்விடையைக் கண்டதும் தொடக்கப் பணி நின்றுவிடும், பழைய செயலியே தொடர்ந்து ஓடும். கோப்பாகவே எழுதப்படாத மாற்றத்தை இச்சோதனை அறியாது. அதற்கு 'மேக்மைகிரேஷன்ஸ் --செக்' வேண்டும்.

எனினும் இடாப்பை முற்றாக நம்புதலும் தகாது. 'ஃபேக்' என்றொரு தெரிவு உண்டு. மாற்றத்தைச் செய்யாமலே செய்ததாகப் பதியும். அதற்கும் தேவையான சந்தர்ப்பங்கள் உள்ளன. ஆயினும் அவசரக்காரர் கையில் அது பொய்க் கையொப்பமே.

ரெயில்ஸ் சட்டகம் 2008இல் வந்த 2.1 பதிப்புக்கு முன்னர் இறுதி இலக்கமொன்றை மட்டுமே நினைவிற் கொண்டிருந்தது. இருவர் தனித்தனியே ஏழாம் கோப்பை எழுதினால் ஒன்று தவறிப்போகக்கூடும். நேரமுத்திரையிட்டு ஒவ்வொன்றையும் தனித்துப் பதியும் வழக்கம் அவ்வாறு வந்ததே.

மைகிரேஷன் நிறைவேறுமுன் இன்னொரு வினா எழுந்தது. பழைய நிரைகளில் ஈரப்பதனாக எதனை இடுவது?

"சைபரைப் போடு மருமகன், வேலை முடிஞ்சுது" என்றார் கடைக்காரர்.

"சைபர் போட்டா எல்லா மிளகும் காஞ்சது எண்டு ஆகிடும் மாமா. பிறகு ஏன் கழிச்சீங்க எண்டு கேப்பாங்க."

மாமா சிறிது நேரம் பேசவில்லை. பழைய சீட்டுகளில் அவ்விடம் இப்போது வெறுங்கோடாகவே அச்சாகிறது.