பாலம் என்றால் பயமா?

வாஷிங்டனிலிருந்து ஓஷன் சிட்டி கடற்கரைக்குக் காரில் போக வேண்டுமா? ஐம்பதாம் எண் சாலையைப் பிடித்தால் சுமார் மூன்று மணி நேரம். ஆனால் நடுவழியில் செசபீக் விரிகுடாப் பாலம் காத்திருக்கிறதே! நீளம் 4 மைலுக்கு மேல். கப்பல்கள் புகுந்து போவதற்காக ஓரிடத்தில் 180 அடிக்கும் அதிகமாக உயர்ந்து நிற்கிறது. 1952-ல் ஒன்று, 1973-ல் பக்கத்திலேயே இன்னொன்று.

தலை சுற்றுகிறதா? வெட்கப்படாதீர்கள். கூலி வாங்கிக்கொண்டு உங்களையும் காரையும் அக்கரை சேர்க்கவே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். பயந்தவர்கள் அத்தனை பேர்!

அதுவும் வேண்டாமென்றால் வடக்கே சுற்றுங்கள். பால்டிமோரைத் தாண்டி முதலாம் எண் சாலையில் போனால், சஸ்குவஹானா நதியைக் கொனோவிங்கோ அணையின் மேலேயே கடந்துவிடலாம். பிறகு எல்க்டன், அங்கிருந்து தெற்கே திரும்ப வேண்டும்.

“அப்பாடா!” என்று சாய்ந்து உட்காராதீர்கள். 1829-ல் திறந்த கால்வாய் ஒன்று தீபகற்பத்தையே குறுக்கே வெட்டி, தீவாக்கிவிட்டது. கப்பல் போகும் கால்வாய் ஆதலால் அதன்மேல் உள்ள சாலைப் பாலங்கள் எல்லாமே உயரம்தான். ஆனால் கால்வாயின் அகலம் 450 அடியே! சம்மிட் பாலத்தில் ஏறினால், கண்ணை மூடிக்கொண்டு அறுபது எண்ணுவதற்குள் இறங்கிவிடலாம். (காரோட்டுகிறவர் மூடக் கூடாது!)

கடைசியில், ஊருக்குள் நுழைய 1942-ல் கட்டிய தாழ்வான பாலம். அது சாது.

இந்தச் சுற்றுவழியில் நேரம் கூடும், பெட்ரோலும் கூடும். பாலமே இல்லாத சாலை மட்டும் கிடையாது. ஆனாலும், நாலு மைல் பயத்தை ஒரு நிமிஷமாகக் குறைத்துக்கொள்ளலாமே! அதற்குப் புறப்படுமுன் வரைபடத்தைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். கூட வருகிறவர்களிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.