விழுக்காட்டில் அடங்காத வேலை

அமெரிக்காவின் உள்ளூர்த் தொலைக்காட்சிக்கு மாலைதான் உச்ச நேரம். ஐந்து மணிக்கு ஒரு செய்தி, ஆறு மணிக்கு ஒன்று. சிகாகோ, டல்லாஸ் பக்கம் இரவு பத்துக்கும், நியூயார்க் பக்கம் பதினொன்றுக்கும் இன்னொன்று. நடுவில் கூடைப்பந்து, பேஸ்பால் ஆட்டங்கள். வேலைக்குப் போகிறவர்களும் வந்து பேச வேண்டும் என்பதால் நகர்மன்றக் கூட்டங்களும் பள்ளி வாரியக் கூட்டங்களும் பெரும்பாலும் மாலையில்தான் நடக்கின்றன. இத்தனையிலும் திரையில் இரண்டு மூன்று வரிகளாக ஏறிக்கொண்டே போகும் எழுத்தைக் கேப்ஷன் என்கிறார்கள். நேரலையில் அதை உடனுக்குடன் எழுதுகிறவர் கேப்ஷனர். அவர் பெரும்பாலும் நிலையத்தில் இருப்பதில்லை. வேறு ஊரில், சில சமயம் வேறு மாநிலத்தில், தன் வீட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நிலையத்தின் ஒலி தொலைபேசி வழியாகவோ இணையம் வழியாகவோ அவர் காதுக்கு வருகிறது. அவர் எழுதுவது நிலையத்திலுள்ள என்கோடர் என்ற கருவிக்குப் போய், படத்தோடு சேர்ந்து வீடுகளுக்குப் போகிறது. இந்த வேலையை நெருங்கிப் பார்த்த பிறகு எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டது. நூற்றுக்கு எத்தனை சொல் சரி என்ற கணக்கை வைத்துத்தான் இன்று இந்த வேலையின் தரமும் கூலியும் எதிர்காலமும் பேசப்படுகின்றன. அந்தக் கணக்கில் வேலையின் சாரமான பகுதி வரவே இல்லை.

முதலில் கைகளைப் பார்க்க வேண்டும். கேப்ஷனர் எழுதப் பயன்படுத்தும் ஸ்டெனோடைப் என்ற இயந்திரத்தில் இருபத்திரண்டு விசைகளும் மேலே எண்களுக்கான ஒரு பட்டையும்தான் இருக்கின்றன. ஆங்கிலத்தின் எல்லா எழுத்தும் அதில் கிடையாது. இடது கை சொல்லின் முதல் மெய்யொலியையும், இரண்டு கட்டைவிரல்கள் உயிரொலியையும், வலது கை கடைசி ஒலியையும் ஒரே சமயத்தில் அழுத்துகின்றன; ஹார்மோனியத்தில் பல கட்டைகளைச் சேர்த்துப் பிடிப்பதைப் போல ஓர் அழுத்தத்தில் ஓர் அசை முழுதாக விழுகிறது. இடப்பக்கம் ‘எம்’ வேண்டுமானால் ‘பி’, ‘ஹெச்’ இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். ‘எல்’ வேண்டுமானால் ‘ஹெச்’, ‘ஆர்’. அடிக்கடி வரும் தொடர்களுக்கு ஒரே அழுத்தத்தில் முடியும் சுருக்கங்களை ஒவ்வொருவரும் தமக்கென்று வைத்திருக்கிறார்கள். நடுவிலிருக்கும் நட்சத்திர விசை கடைசி அழுத்தத்தை அழிக்கும். நம்மூர் தட்டச்சுப் பயிலகங்களில் ஆங்கிலச் சுருக்கெழுத்து சீனியர் தேர்வு நிமிடத்துக்கு 120 சொல். அமெரிக்காவில் நீதிமன்றச் சுருக்கெழுத்தர் சான்றிதழ் பெற 225 சொல் வேகம் வரை போக வேண்டும். ஆனால் பெரிய வேறுபாடு வேகத்தில் இல்லை. நம்மூர்ப் பிட்மன் சுருக்கெழுத்து முறையில் எழுதியவர் பிறகு நிதானமாக உட்கார்ந்து தன் கோடுகளைப் படித்துத் தட்டச்சு செய்யலாம். கேப்ஷனருக்குப் ‘பிறகு’ என்பதே கிடையாது. அழுத்தம் விழுந்ததும் கணினி அதைத் தன் அகராதியில் தேடிச் சொல்லாக மாற்றி அனுப்பிவிடும். அனுப்பிய வரியைத் திரும்பப் பெற முடியாது. தவறு என்று தெரிந்தால் அடுத்து இரண்டு சிறு கோடு போட்டுச் சரியான சொல்லை எழுத வேண்டும். திருத்தமும் எல்லோர் கண்முன்னால்தான் நடக்கிறது.

அந்த அகராதி கடையில் வாங்கியது அல்ல. ஆண்டுக்கணக்கில் அவரே சேர்த்தது, பல்லாயிரம் பதிவுகள் கொண்டது. மாலை ஐந்து மணிச் செய்திக்கு உட்கார வேண்டியவர் அதற்கு வெகு முன்பே அந்த ஊரின் செய்தித் தளங்களைப் படிக்கத் தொடங்கிவிடுகிறார். மேயர் பெயர், கைதானவர் பெயர், தீப்பிடித்த தெருவின் பெயர், உயர்நிலைப் பள்ளி அணியின் பயிற்சியாளர் பெயர் எல்லாவற்றுக்கும் அழுத்தங்கள் வகுத்து அகராதியில் சேர்க்க வேண்டும். வானிலை அறிவிப்பில் ஒரே மூச்சில் சொல்லப்படும் கவுண்டிகளின் பெயர்கள் தனிப் பட்டியல். செய்தி ஓடும்போது யார் பேசுகிறார் என்பதை மாற்றுக் குறிகளால் காட்ட வேண்டும். கைத்தட்டல், சைரன், கூட்டத்தின் முழக்கம் ஆகியவற்றையும் எழுத வேண்டும். திரையில் பெயர்ப்பட்டையோ புயல் வரைபடமோ வந்தால் அதை மறைக்காமல் வரிகளை மேலே ஏற்ற வேண்டும். விளம்பரங்களுக்குப் பெரும்பாலும் முன்பே தயாரித்த கேப்ஷன் இருக்கும். அது தடையின்றிப் போக, இவர் தன் எழுத்தை நிறுத்தி வழிவிட வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு மிடறு தண்ணீர், சற்று முன் கேட்ட புதுப் பெயர் ஒன்றை அகராதியில் ஏற்றுவது, அவ்வளவுதான். இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினால் யாரை விடுவது என்பதை யோசிக்க அரை நொடிகூடக் கிடைக்காது. விட்டது எது, பிடித்தது எது என்பதில் அவருடைய செய்தி அறிவு முழுதும் வெளிப்படுகிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். 98 விழுக்காடு துல்லியம் என்றால் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. விளம்பரம் போக அரை மணிச் செய்தியில் ஏறக்குறைய 22 நிமிடம் பேச்சு. நிமிடத்துக்கு 180 சொல் என்று வைத்தால் கிட்டத்தட்ட 4,000 சொற்கள். அதில் இரண்டு விழுக்காடு என்பது 80 தவறான சொற்கள். அந்த எண்பதும் ‘தி’, ‘ஏ’ போன்ற சிறு சொற்களாக இருந்தால் படிப்பவர் கவனிக்கக்கூட மாட்டார். எண்பதில் ஒன்று மட்டும் ‘கான்ட்’ என்பதைக் ‘கேன்’ என்று எழுதியதாக இருந்தால், குடிக்கக்கூடாத தண்ணீர் குடிக்கக்கூடியதாகிவிடுகிறது. ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ குழப்பமும் அப்படித்தான். அமெரிக்காவின் நடுப்பகுதியில் சுழற்காற்றுகள் பெரும்பாலும் பிற்பகல் நான்கு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் இடையில்தான் வருகின்றன. அதாவது மாலை ஷிஃப்டில். அங்கே ‘டொர்னேடோ வாட்ச்’ என்றால் சுழற்காற்று உருவாக வாய்ப்பிருக்கிறது, தயாராக இருங்கள் என்று பொருள். ‘டொர்னேடோ வார்னிங்’ என்றால் சுழற்காற்றைப் பார்த்துவிட்டார்கள் அல்லது ராடாரில் தெரிந்துவிட்டது, உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள் என்று பொருள். இரண்டுக்கும் இடையில் ஒரே சொல்தான் வேறுபாடு, விழுக்காட்டுக் கணக்கில் நாலாயிரத்தில் ஒன்று. சைரன் ஒலி காதில் விழாத ஒருவருக்கு அன்றைய இரவில் அந்த ஒன்றைவிட முக்கியமான சொல் வேறில்லை.

காது கேளாதவர் செய்தியைப் படித்தறியும் இந்த உரிமை எளிதில் வந்ததல்ல. 1973 இறுதியில் தொடங்கிப் பல ஆண்டுகள், ஏபிசி வலையமைப்பின் மாலைச் செய்தியைப் பதிவுசெய்து, பாஸ்டனிலிருந்த டபிள்யூஜிபிஹெச் நிலையத்தில் எழுத்துச் சேர்த்து, இரவு பதினொரு மணி வாக்கில் பொதுத் தொலைக்காட்சியில் மறுபடி ஒளிபரப்பினார்கள். ஊரெல்லாம் மாலையில் கேட்டு முடித்துவிட்ட செய்தி காது கேளாதவருக்கு ஐந்து மணி நேரம் கழித்துத்தான் கிடைத்தது. வேண்டுபவர் மட்டும் தனிப் பெட்டி வைத்துப் பார்க்கும் மூடிய கேப்ஷன் 1980 மார்ச்சில் வந்தது. நீதிமன்றச் சுருக்கெழுத்துத் திறனைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்து, 1982 ஆஸ்கர் விழாவை நேரலையில் எழுதிக் காட்டினார்கள். 1990 சட்டத்தின்படி, 1993 ஜூலை முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் திரை உள்ள தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குள்ளேயே அந்த வசதி வைக்கப்பட்டது. 1996 தொலைத்தொடர்புச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த விதிகள், 2006 முதல், சில விலக்குகள் போக, புதிய ஆங்கில நிகழ்ச்சி அனைத்துக்கும் கேப்ஷனைக் கட்டாயமாக்கின. ஆனால் தரம் பற்றிய விதிகள் 2014-இல்தான் வந்தன. கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் துல்லியம், நேர ஒத்திசைவு, முழுமை, திரையில் சரியான இடம் என்று நான்கு அளவைகளைச் சொன்னது. எத்தனை விழுக்காடு என்று எண் எதையும் வைக்கவில்லை. எண் வைக்காதது குறை என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. எண்ணே வேண்டுமானாலும் அதை ஒழுங்காகச் செய்யும் வழி இருக்கிறது. ஐரோப்பிய ஆய்வாளர்கள் உருவாக்கிய என்இஆர் என்ற முறையில் பிழைகளுக்கு எடை உண்டு: சிறிய பிழைக்கு 0.25, நடுத்தரத்துக்கு 0.5, கடுமையானதற்கு 1. கடுமையானது என்று அது சொல்வது, படிப்பவருக்குப் பிழை என்றே தெரியாமல் பொய்த் தகவலை உண்மைபோல் கொடுத்துவிடும் பிழையை. அந்த எடையைப் போடக்கூட, நிகழ்ச்சி முடிந்தபின் ஒரு மனிதர் உட்கார்ந்து வாசித்துத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது என்பதை விழுக்காடு பேசுபவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இங்கே எழும் முதல் மறுப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: இயந்திரமே பேச்சைக் கேட்டு எழுதுகிறதே, இன்னும் எதற்கு ஆள்? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. தானியங்கிப் பேச்சறிதல் கடந்த சில ஆண்டுகளில் மிகவும் தேறியிருக்கிறது. தெளிவான ஒலியில் ஒருவர் மட்டும் பேசினால் நல்ல கேப்ஷனருக்கு அருகில் வந்துவிடுகிறது. கேப்ஷனருக்கு இயல்பாக நேரும் சில நொடித் தாமதம் அதற்குக் குறைவு. நள்ளிரவு இணைய வகுப்புக்கும் சிற்றூர்த் தேவாலயக் கூட்டத்துக்கும் எந்தக் காலத்திலும் ஆள் அமர்த்தப்போவதில்லை என்னும்போது அங்கே இயந்திரம் வருவது நல்லதே. ஆனால் அது தவறும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஸ்டெனோடைப்பில் விரல் தவறினால் பெரும்பாலும் அரைகுறை ஒலிக்கோவை ஒன்று திரையில் வரும். பழகிய பார்வையாளர் அதை ஒலியாகப் படித்து இன்ன சொல் என்று ஊகித்துவிடுவார். ஊகிக்க முடியாவிட்டாலும் இங்கே ஏதோ தவறியிருக்கிறது என்றாவது தெரிந்துகொள்வார். இயந்திரம் தவறும்போது இலக்கணம் பிசகாத, சரளமான, வேறொரு வாக்கியம் வருகிறது. சந்தேகப்பட எந்தக் காரணத்தையும் அது கொடுப்பதில்லை. என்இஆர் முறை கடுமையானது என்று வகைப்படுத்தும் பிழை சரியாக இதுதான். தான் கேட்டது உறுதியில்லை என்றால் மனிதர் ஒதுங்கிப் போவார், அல்லது கோடு போட்டுத் திருத்துவார். யாரும் பார்க்காமல் தனியே ஓடும் இயந்திரத்துக்கு அப்படி நின்று யோசிக்கும் இடமே இல்லை. 2019-இல் காது கேளாதோர் அமைப்புகள் சேர்ந்து, நேரலைக் கேப்ஷனின் தரத்துக்கு அளவுகோல் வேண்டும், தானியங்கி முறைக்கு வழிகாட்டல் வேண்டும் என்று ஆணையத்திடம் மனுக் கொடுத்தார்கள். அவர்கள் தொழில்நுட்பத்துக்கு எதிரிகள் அல்லர். திரையில் வருவதை நம்பி வாழ்கிறவர்கள்.

இரண்டாவது மறுப்பு இன்னும் நியாயமானது. மனிதர் மட்டும் தவறாமல் இருக்கிறாரா? இல்லை. மாலை ஏழு மணிக்குத் தொடங்கிய பேஸ்பால் ஆட்டம் சமநிலையில் நீண்டுகொண்டே போனால் கை சோர்கிறது. கேட்டதைத் தன் குரலில் திரும்பச் சொல்லிக் கணினியை எழுத வைக்கும் முறையில் வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனில் பிபிசி 2001 வாக்கில் நேரலைக்குக் கொண்டுவந்த முறை அது. அதில் மனிதர் இருந்தும் சரளமான தவறுகள் வரத்தான் செய்கின்றன. இதையெல்லாம் ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: நான் மனிதர் வேண்டும் என்று கேட்பது அவர் தவறாதவர் என்பதற்காக அல்ல, அவர் பதில் சொல்லக்கூடியவர் என்பதற்காக. தவறைக் கண்ட நொடியில் அடுத்த வரியில் திருத்துகிறார். ஒலி நின்றுபோனால் நின்றுபோனதை எழுதுகிறார். இன்று தவறிய பெயரை இன்றிரவே அகராதியில் திருத்தி வைக்கிறார், பத்து மணிச் செய்தியில் அது சரியாக வரும். இயந்திரம் எழுதும் இடத்திலும் இவ்வளவையும் செய்ய ஒருவர் காதைக் கொடுத்து உட்கார்ந்திருக்கலாம். எனக்கு அதில் ஆட்சேபமே இல்லை. ஆளே இல்லாமல் ஓடவிடுவதுதான் ஆட்சேபம். அதுவும் புயல் எச்சரிக்கையிலும், செய்தியிலும், நகர்மன்றத்தில் வரி பற்றி வாக்கெடுக்கும் இரவிலும்.

விழுக்காட்டுக் கணக்கு கூலியையும் கெடுக்கிறது. ஒப்பந்தத்தில் வேலை செய்யும் பலருக்கு ஒளிபரப்பில் எழுதிய மணிக்குத்தான் பணம். ஐந்திலிருந்து ஆறரை வரை ஒரு துண்டு, மறுபடி பத்திலிருந்து பத்தரை வரை ஒரு துண்டு. நடுவே உள்ள மூன்றரை மணி நேரம் அவருடையதும் அல்ல, சம்பளத்துக்குரியதும் அல்ல. பெயர் தேடி அகராதியில் ஏற்றும் நேரம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. ஆனால் தவறுகிற எண்பது சொற்கள் எந்த எண்பது என்பதை முடிவுசெய்வது அந்த நேரம்தான். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று வாங்குகிறவன் சொல்லை மலிவாகத் தரும் இன்னொன்றைத் தேடுவது இயற்கை, தேடிக் கண்டுபிடித்தும்விட்டான். ஆண்டுக்கணக்கில் பயில வேண்டிய, பாதிப் பேருக்கு மேல் நடுவில் விட்டுவிடும் இந்தப் படிப்புக்கு இளைஞர்கள் வருவது குறைந்ததில் வியப்பில்லை. பிறகு ஆள் கிடைக்கவில்லை, ஆகவே இயந்திரம் என்று சொல்கிறார்கள். ஆள் கிடைக்காமல் போனதற்குக் காரணம் அந்தக் கூலி முறைதான் என்பதை யாராவது சொல்லியாக வேண்டும்.

இவ்வளவு செலவு எத்தனை பேருக்காக என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. காது கேளாதவர்களோடு, வயதாகிக் கேட்கும் திறன் குறைந்தவர்கள், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றுக்கொண்டு குடியேறியவர்கள், மருத்துவமனைக் காத்திருப்பு அறையிலும் விமான நிலையத்திலும் ஒலியை அணைத்து வைத்த திரைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் அந்த வரிகளைப் படிக்கிறார்கள். இந்த எண்ணிக்கையை நான் முதன்மை வாதமாக வைக்க விரும்பவில்லை. பொது அலைவரிசையில் உரிமம் வாங்கி நடத்தும் நிலையம், அவசர எச்சரிக்கையை ஒலியாகச் சொன்னால் எழுத்தாகவும் சொல்ல வேண்டும் என்பது அந்த நாட்டின் விதி. ஊரில் ஒருவர் படித்தாலும் அது பொருந்தும். செலவைக் குறைக்கும் இடங்கள் வேறு இருக்கின்றன. நிலையம் தன் செய்திப் பட்டியலையும் பெயர்களையும் ஒரு மணி முன்னதாகக் கேப்ஷனருக்கு அனுப்பினால் அவருடைய தேடல் பாதியாகும், தவறும் குறையும். அதற்கு நிலையத்துக்கு ஆகும் செலவு ஒரு மின்னஞ்சல். தயாரிப்பு நேரத்துக்கும் மணிக்கூலி, புயல் இரவுகளில் ஒருவர் ஓய்வெடுக்க இன்னொருவர் எழுதும்படி இரண்டு பேர், இயந்திரம் எழுதும் நிகழ்ச்சியில் திருத்தும் அதிகாரத்தோடு ஒருவர்: ஒப்பந்தத்தில் இந்த மூன்றும் இருக்கிறதா என்று நிலையங்களிடம் கேட்கும் வேலையை ஆணையமும் பார்வையாளர்களும் செய்யலாம். எத்தனை விழுக்காடு என்ற கேள்வியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.