ஐயாற்றங்கரையில் ஒன்றாகும் நாதம்

காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்னும் ஐந்து ஆறுகளால் வளம் பெறும் திருத்தலம் திருவையாறு. தஞ்சாவூருக்கு வடக்கே சுமார் 13 கி.மீ. தொலைவில் உள்ளது. ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் அருள்பாலிக்கும் இத்தலத்தில்தான் திருநாவுக்கரசர் பெருமான் கயிலைக் காட்சி கண்டு இன்புற்றார். சிவநாமம் ஒலிக்கும் இவ்வூரின் காவிரிக் கரையிலேயே, ராமநாமத்தில் கரைந்த சத்குரு தியாகராஜ சுவாமிகளின் சமாதியும் அமைந்துள்ளது.

1767-ஆம் ஆண்டு திருவாரூரில் அவதரித்த சுவாமிகள், வாழ்நாளின் பெரும்பகுதியை இவ்வூரிலேயே கழித்து, 1847-ஆம் ஆண்டு புஷ்ய பகுள பஞ்சமியன்று ஸித்தியடைந்தார். ஆண்டுதோறும் அத்திதியில் ஆராதனை நடைபெறுகிறது. காலையில் திருமஞ்சன வீதியில் உள்ள சுவாமிகளின் இல்லத்திலிருந்து உஞ்சவிருத்தி பஜனை புறப்பட்டுச் சமாதியை அடைகிறது. பின்னர், பந்தலில் கூடியோர் அனைவரும் ஒன்றாக இசைக்கும் பஞ்சரத்ன கோஷ்டி கானம் தொடங்குகிறது.

சந்நிதியை நோக்கிச் செல்லும் வழியின் இருமருங்கும் கலைஞர்கள் தரையில் அமர்கின்றனர். பாடுவோருடன் வயலின், குழல், மிருதங்கம், கடம், கஞ்சிரா வாசிப்போரும் திரளாகக் கலந்துகொள்கின்றனர். புகழ்பெற்ற வித்வான்களும், மேடையே ஏறாது வீட்டளவில் இசை பயின்ற அன்பர்களும் ஒரே பந்தலின்கீழ் ஒரே பாடலை இசைக்கின்றனர். இதற்குச் சன்மானம் ஏதுமில்லை; குருவுக்குச் செலுத்தும் அஞ்சலி என்றே அனைவரும் கருதுகின்றனர்.

இந்த ஒற்றுமை எளிதில் வாய்த்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராதனையை நடத்தியோர் இரு கட்சிகளாகப் பிரிந்திருந்தனர். சமாதியில் பெண்கள் பாடுவதற்கு இடமும் அளிக்கப்படவில்லை. அந்நாளில் சமாதி பராமரிப்பின்றிக் கிடந்ததை அறிந்து மனம் வருந்திய பெங்களூர் நாகரத்தினம்மாள், தம் பொருளைச் செலவிட்டு அவ்விடத்தில் ஆலயம் எழுப்பினார். 1921-இல் தொடங்கிய அத்திருப்பணி 1926-இல் குடமுழுக்குக் கண்டது. ஆலயம் எழுப்பியவருக்கே அங்கே பாட உரிமையில்லை! அவர் மனம் தளரவில்லை. பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். 1940-களின் தொடக்கத்தில் பிரிந்திருந்தோர் அனைவரும் ஒன்றிணைந்தனர். எல்லோரும் சேர்ந்து பஞ்சரத்னம் இசைக்கும் வழக்கமும் ஏறத்தாழ அக்காலத்திலேயே நிலைபெற்றது. 1952-இல் மறைந்த அம்மையாரின் சமாதி, சுவாமிகளின் சந்நிதியை நோக்கியவாறே இன்றும் விளங்குகிறது.

கோஷ்டியில் அமர்ந்து வாசிப்பவர் பெறும் பயன் யாது? கச்சேரி மேடையில் ஒவ்வொருவருக்கும் அவரவர் சுருதி உண்டு. கற்பனை ஸ்வரமும் தனி ஆவர்த்தனமும் உண்டு. இங்கோ அனைவருக்கும் சுருதி ஒன்றே. வயலின் வாசிப்பவர் அதற்கேற்பத் தந்தியைச் சேர்க்க வேண்டும். மேல் ஸ்தாயி எட்டாதவர் தாழ்த்திப் பாடிப் பிறருடன் கலக்க வேண்டும். மிருதங்கக் கலைஞர் எத்தனை பேர் இருப்பினும் ஐந்து கிருதிகளுக்கும் உரிய ஆதி தாளத்தை ஒரே நடையில் காக்க வேண்டும். ஒருவர் தம் திறமையைக் காட்ட விரைந்தால் அருகில் இருப்பவர் தடுமாறுவார். ஆகவே வாசிப்பதைவிடச் செவிமடுப்பதே அங்கே பெரிய சாதனையாகிறது. பக்தி நூல்கள் வற்புறுத்தும் அகந்தையொழிப்பு, இவ்வாறு ஒரு காலைப் பொழுதில் கையாலும் செவியாலும் பழகப்படுகிறது.

நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ராகங்களில் அமைந்தவை இவ்வைந்து கிருதிகள். முதலாவது வடமொழியிலும் ஏனைய நான்கும் தெலுங்கிலும் இயற்றப்பட்டவை. வராளியைக் குரு நேரே கற்பித்தால் குரு-சிஷ்ய உறவு குன்றும் என்பது இசையுலகில் வழங்கிவரும் நம்பிக்கை. அதனால் அக்கிருதியைக் கேட்டே கற்றவர் பலர். பலரும் கூடிப் பாடும் கோஷ்டியைக் காட்டிலும் கேட்டுக் கற்பதற்குச் சிறந்த இடம் வேறேது? நிறைவாக வரும் ஸ்ரீராகக் கிருதி, உலகிலுள்ள மகான்கள் அனைவரையும் வணங்குவது. தம்மைப் பின்னிறுத்திப் பிறரோடு இசைந்து அமர்ந்தவர்களின் வாயில் அவ்வணக்கம் பொருள் நிறைந்து ஒலிக்கிறது.

ஆராதனைக்குச் செல்லும் அன்பர்கள் ஐயாறப்பர் ஆலயத்தையும் அவசியம் தரிசிக்க வேண்டும். அங்குள்ள வெளிப் பிராகாரத்தில் ஓரிடத்தில் நின்று ‘ஐயாறா’ என்று அழைத்தால், அக்குரல் பலமுறை எதிரொலிக்கும். ஆலயத்தில் ஒரு குரல் பலவாகக் கேட்கிறது. ஆற்றங்கரையில் பல குரல்கள் ஒன்றாகக் கேட்கின்றன. பாடத் தெரியாதவரும் கவலையுற வேண்டியதில்லை. தாளமிட ஒரு கை போதும். ஐயனும் சத்குருவும் அதனை ஏற்றருள்வர்.