பக்கத்து இருக்கை

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தவர்களில் பலருக்கு சவுத்வெஸ்ட் விமானத்தைத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த நிறுவனத்தின் விமானங்களில் முன்பு இருக்கை எண் என்பதே கிடையாது. டிக்கெட் இருந்தால் ஏறலாம், காலியாக இருக்கும் இடத்தில் உட்காரலாம். நம் ஊர் டவுன் பஸ் மாதிரிதான். 1971-ல் டல்லாஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ என்ற மூன்று ஊர்களுக்கு இடையே பறக்கத் தொடங்கிய நாளிலிருந்து இருந்துவந்த இந்த வழக்கம் இப்போது முடிந்துவிட்டது. 2026 ஜனவரி 27 முதல் அங்கேயும் எல்லோருக்கும் எண் போட்ட இருக்கைதான்.

மகள் ஃபோனில் இதைச் சொல்லி, "அப்பா, இனிமே நீங்களும் அம்மாவும் இடத்துக்கு அலைய வேண்டாம்" என்றாள். நல்ல செய்திதான். ஆனால் உடனே கைதட்ட எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என் மனைவிக்கு வலது காது கேட்காது. பல வருஷமாக அப்படித்தான். அதனால் எங்கே போனாலும் நான் அவளுக்கு இடது பக்கம்தான் உட்காருவேன். கல்யாணப் பந்தியிலும் அப்படித்தான், கச்சேரியிலும் அப்படித்தான், டாக்டர் அறையிலும் அப்படித்தான். யாராவது ஏதாவது சொன்னால் நான் திருப்பி அவள் காதில் சொல்லவேண்டும். வெளியூர்க்காரர்களின் இங்கிலீஷ் என்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் வயதில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதை ஆசை என்று நினைக்காதீர்கள். ஒருவருக்குக் கண், மற்றவருக்குக் காது, இன்னொருவருக்கு மாத்திரை நேரம் என்று இருவரும் சேர்ந்தால்தான் ஒரு முழு ஆள் கணக்கு.

சவுத்வெஸ்டில் அப்போது இருந்த இடம் பிடிக்கும் முறை ஒரு குமாஸ்தாவுக்கு மிகவும் பிடித்துப்போகும். புறப்படுவதற்குச் சரியாக 24 மணி நேரம் முன்பு செக்-இன் திறக்கும். முந்திப் பதிவு செய்தவருக்கு முந்தின எண். ஏ, பி, சி என்று மூன்று பிரிவு, ஒவ்வொன்றிலும் 1 முதல் 60 வரை. வாசல் அருகே எண் எழுதிய கம்பங்கள் நிற்கும். 1 முதல் 5 வரை ஒரு கம்பம், 6 முதல் 10 வரை அடுத்தது. அவரவர் எண்ணுக்கு நேராகப் போய் நிற்கவேண்டும். 2007-க்குப் பிறகுதான் இந்த வரிசை ஒழுங்கு வந்தது. அதற்கும் முன்னே, பழைய நாட்களில், எண் போட்ட பிளாஸ்டிக் அட்டையைக் கொடுத்து, ஏறும்போது திரும்ப வாங்கிக்கொள்வார்களாம். நம் பேங்கில் பணம் வாங்கப் பித்தளை டோக்கன் கொடுப்பார்களே, அதேதான்.

இதற்கெல்லாம் காரணம் நேரம். 1972-ல் அவர்களிடம் இருந்ததே நான்கு விமானம். பணமுடையில் ஒன்றை விற்றுவிட்டு, நான்கு விமானம் ஓட்டிய அட்டவணையை மூன்றை வைத்தே ஓட்டினார்கள். தரையிறங்கிய விமானம் பத்தே நிமிடத்தில் மறுபடி கிளம்பவேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். "இது என் இடம், எழுந்திரு" என்ற தகராறு இல்லாவிட்டால் ஜனங்கள் சீக்கிரம் உட்கார்ந்துவிடுவார்கள் அல்லவா?

ஆனால் சேர்ந்து வருபவர்கள் பாடு வேறு. ஏ பிரிவில் ஏறினால் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். பி பிரிவின் முன்பாதியில் ஏறினால் பின்னால் போய் இரண்டு இடம் சேர்ந்தாற்போல் பிடித்துவிடலாம். சி பிரிவு என்றால் மிச்சம் இருப்பதெல்லாம் இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும் ஒற்றை இடங்கள்தான். வழியின் இருபுறமும் மூன்று மூன்று இருக்கை. முதலில் வருபவர்கள் ஜன்னலோரத்தையும் வழியோரத்தையும் எடுத்துக்கொண்டு நடுவை விட்டுவிடுவார்கள். கணவனும் மனைவியுமாக வந்து இரண்டு ஓரத்திலும் உட்கார்ந்துகொண்டு, நடுவில் யாரும் வராமல் இருக்கவேண்டுமே என்று வேண்டிக்கொள்பவர்களும் உண்டு. சிலர் நடு இருக்கையில் பையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்ப்பார்கள். சென்னை பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தவர்கள் நாம். நமக்கு இது புதிதா? துண்டு செல்லுமா, செல்லாதா என்று அந்த நிறுவனம் கடைசிவரை சட்டம் போடவேயில்லை. போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை.

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் ஏ பிரிவுக்கும் பி பிரிவுக்கும் நடுவில் குடும்பத்தோடு ஏற முடிந்தது. உடல் காரணத்தால் உதவி தேவைப்படுபவர் எல்லோருக்கும் முன்பே ஒரு துணையோடு ஏறலாம். "நாம அதுல போகலாமே" என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். "காது கேக்கலன்னா காலு நடக்காதாங்க?" என்று கேட்டுவிட்டாள். அதற்கு மேல் நான் பேசவில்லை.

2018-ல் ஹூஸ்டனில் மகள் வீட்டில் இருந்தோம். சிகாகோவில் என் தம்பி மகளுக்கு நாள் தள்ளி இருக்கும்போதே குழந்தை பிறந்துவிட்டது என்று தகவல் வந்தது. மாப்பிள்ளை இரவோடு இரவாக டிக்கெட் எடுத்தார். எங்களுக்கு விழுந்தது சி பிரிவு. உள்ளே போனால் ஒற்றை ஒற்றையாகத்தான் இடம். பணிப்பெண், விமானம் நிறைந்துவிட்டது, கிடைத்த இடத்தில் உட்காருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மனைவிக்கு அது காதில் விழவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் பிரெஞ்சு முசியே முதல் வருஷமே ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தார். 'செத் ப்ளாஸ் ஏ லிப்ர்?' இந்த இடம் காலியா என்று அர்த்தம். லிப்ர் என்றால் சுதந்திரம் உள்ளது என்றும் பொருள். காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் கேட்டுவிட்டுத்தான் உட்காரவேண்டும் என்பார் முசியே. அந்தப் பழக்கத்தில், ஒரு வரிசையில் வழியோரமாக இருந்த இளைஞனிடம் நடு இடம் காலியா என்று இங்கிலீஷில் கேட்டேன். ஆமாம் என்றான். "என் மனைவிக்கு ஒரு காது கேட்காது, அவளை இங்கே உட்காரவைத்துவிட்டு நான் எதிர் வரிசை நடுவில் உட்காருகிறேன். ஏதாவது அறிவிப்பு வந்தால் அவளுக்குக் கை காட்டிச் சொல்லமுடியுமா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் நான் கேட்டது.

அவன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்தான். "நீங்க ரெண்டு பேரும் உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, எதிர் வரிசையில் இரண்டு பருமனான ஆட்களுக்கு நடுவில் போய்ச் செருகிக்கொண்டான். நல்ல உயரமான பையன், முழங்கால் முன் இருக்கையில் இடித்தது. மனைவி வழியோரத்திலும், நான் அவளுக்கு இடது பக்கம் நடுவிலுமாக உட்கார்ந்தோம். இறங்கும்போது காது அடைத்துக்கொண்டு நல்ல காதும் அவளுக்கு மந்தமாகிவிட்டது. பயந்துபோய் என் கையைப் பிடித்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பையன் பெயர்கூட எனக்குத் தெரியாது.

இப்போது பெரும்பாலான இடங்களில் இந்தத் திறந்த முறை போய்விட்டது. நம் நாட்டில் 2003-ல் கேப்டன் கோபிநாத் தொடங்கிய ஏர் டெக்கானில் கொஞ்ச காலம் இருந்தது. படிக்கட்டை நோக்கி ஜனங்கள் ஓடுவதைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். ஐரோப்பாவில் ஈஸிஜெட் 2012-லும் ரயன்ஏர் 2014-லும் எண் போட்ட இருக்கைக்கு மாறின. சவுத்வெஸ்ட் தன் பயணிகளைக் கேட்டதில் நூற்றுக்கு 80 பேர் எண்தான் வேண்டும் என்றார்களாம். அவர்கள் சொல்வது நியாயமே. இடம் கிடைக்குமோ என்று வயதான காலத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் கணக்கு மாறியிருக்கிறது. முன்பு முந்தியவனுக்கு இடம், இப்போது கட்டியவனுக்கு இடம். சவுத்வெஸ்டிலேயே இப்போது மலிவான டிக்கெட் எடுத்தால் செக்-இன் நேரத்தில் அவர்கள் கொடுப்பதுதான் இருக்கை. நாமே பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் கூடுதல் விலை. நம் நாட்டு விமானங்களிலும் விரும்பிய இருக்கைக்குப் பெரும்பாலும் தனிக் காசு. 12 வயது வரையுள்ள குழந்தையைப் பெற்றோரிலோ காப்பாளரிலோ ஒருவர் பக்கத்தில் உட்காரவைக்கவேண்டும் என்று 2024 ஏப்ரலில் நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு. அதே மாதிரி ஒரு வரி, துணையில்லாமல் சமாளிக்க முடியாத முதியவருக்கும் வேண்டும் என்பது என் கோரிக்கை. முப்பது வருஷம் கோப்பு எழுதியவன் சொல்கிறேன், ஒரு வரி சேர்ப்பது பெரிய வேலை இல்லை.

அதுவரை நாம் செய்யக்கூடியது: இரண்டு பேருக்கும் ஒரே பதிவு எண்ணில் டிக்கெட் எடுங்கள். செக்-இன் திறந்தவுடன் பிள்ளைகளை விட்டுச் செய்யச் சொல்லுங்கள். பிரித்துப் போட்டுவிட்டால் கவுண்டரிலேயே காரணத்தைச் சொல்லுங்கள், வெட்கப்படவேண்டாம். அங்கும் ஆகாவிட்டால், விமானத்தில் ஜனங்கள் செட்டில் ஆவதற்கு முன்பே கேளுங்கள். மாற்றிக்கொள்ளச் சொல்லும்போது, அவர் விட்டுக்கொடுப்பதைவிட மட்டமான இடத்தைத் தராதீர்கள். நம்மிடம் ஜன்னலோரம் இருந்தால் அதைக் கொடுத்துக் கேட்கலாம். கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் விஷயத்தை உள்ளபடி சொல்லுங்கள். முடியாது என்றால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். அவரும் காசு கொடுத்துத்தான் அந்த இடத்தை வாங்கியிருப்பார்.

இளையவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பக்கத்தில் வந்து ஒரு கிழவர் தயங்கித் தயங்கி நின்றால், என்னவென்று நீங்களே கேட்டுவிடுங்கள். பாதிப் பேருக்கு வாய் வராது.