சட்டைப்பையில் ஒரு சாட்சி

பஸ் வண்டி திடீரென நிற்கும்பொழுது நம் உடல் முன்னே சாய்கின்றதல்லவா? அந்தச் சாய்வை இலக்கமாக எழுதிவைக்குங் கருவியொன்று இன்று பலருடைய சட்டைப்பையிற் கிடக்கின்றது. கைத்தொலைபேசியினுள்ளே ஆர்முடுகலை அளக்குஞ் சிற்றுறுப்பு ஒன்று உண்டு. மணிக்கு 36 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் ஓடும் வண்டியைச் சாரதி இரண்டரைச் செக்கனில் நிறுத்துவாராயின், அமர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 4 மீற்றர் ஆகும். பயணிகள் முன்னிருக்கையை இறுகப் பற்றிக்கொள்ளும் அளவு அது.

பையிற் கோணலாகக் கிடக்குந் தொலைபேசிக்கு எது முன், எது கீழ் என்று எவ்வாறு தெரியும்? 2008ஆம் ஆண்டில், பெங்களூரிலுள்ள மைக்கிறோசொவ்ற் ஆய்வுகூடத்தார் 'நெரிசெல்' என்னும் ஆய்வில் இதற்கு வழி கண்டனர். (பெயரைக் கேட்டதும் நம் தமிழ் 'நெரிசல்' நினைவுக்கு வருகின்றது!) அசையாதிருக்கும்போதும் புவியீர்ப்பின் 9.8 என்னும் அளவு, கீழ்த்திசையைக் காட்டிக்கொடுக்கும். வண்டியின் வேகம் குறைவதைச் செய்மதி வாயிலாக அறிந்த கணத்தில் உறுப்பு உணரும் இழுப்பு, முன்பின்னைக் காட்டிக்கொடுக்கும். குழி, பிறேக், ஹோர்ன் ஒலி ஆகியவற்றையெல்லாம் அவர்கள் தொலைபேசியைக் கொண்டே கண்டறிந்தனர். பௌதிகம் படிக்கும் மாணவர் இதனைத் தாமே செய்துபார்க்கலாம்.

என் மாணவன் ஒருவன் செய்தும் பார்த்தான். சென்ற விடுமுறையில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சென்ற பஸ்ஸில் அவன் என் அருகே அமர்ந்திருந்தான். வவுனியாவைத் தாண்டியதும் தொலைபேசியை என்னிடம் நீட்டினான். கடும் பிறேக் பதினொன்று.

"சேர், இந்தச் சாரதிக்கு நாற்பது புள்ளிகூடப் போட ஏலாது."

பதினொன்றில் ஒன்றை நான் கண்ணாற் கண்டிருந்தேன். முறிகண்டிக்கும் மாங்குளத்துக்கும் இடையிலே, பற்றையிலிருந்து மாடுகள் வீதிக்குப் பாய்ந்தன. சாரதி அவ்விடத்திற் பிறேக்கை அழுத்தாதிருந்தால் மாடுகளோடு நாமும் போயிருப்போம். கருவியோ அதனைக் குற்றமாக எழுதிவைத்திருந்தது. இன்னொன்றும் கண்டேன். ஓமந்தைக்கு அண்மையில் அதே சாரதி ஒரு கையால் வண்டியைச் செலுத்தியபடி, தொலைபேசியில் நெடுநேரம் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார். வண்டி அலுங்கவில்லை, குலுங்கவில்லை. ஆதலால் அட்டவணையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. காத்த செயலுக்குத் தண்டனை, அஞ்சத்தக்க செயலுக்கு மன்னிப்பு!

அமெரிக்கா, பிரித்தானியா போன்ற நாடுகளில் இத்தகைய பதிவுகளைக் கொண்டு வாகனக் காப்புறுதிக் கட்டணத்தைக் கூட்டியுங் குறைத்தும் விதிக்கும் நிறுவனங்கள் உள. அங்கே இந்த இலக்கங்கள் பணமாகின்றன. நம் நாட்டிலே ஒரு முதலாளி இவ்வட்டவணையைக் கையில் எடுத்தால், அந்தச் சாரதியின் வீட்டு அடுப்பு எரிவதும் அணைவதும் இதனைப் பொறுத்ததாகிவிடும்.

பெங்களூர் ஆய்வுகூடத்தாரே பின்னர் 'ஹாம்ஸ்' என்னும் அமைப்பை உருவாக்கினர். அதிலே தொலைபேசி, வண்டியின் முன்கண்ணாடியிற் பொருத்தப்படுகின்றது. அதன் ஒரு கமரா சாரதியின் முகத்தையும், மற்றது வீதியையும் நோக்குகின்றது. 2019இல் இந்தியாவின் தேராதூன் நகரிலே சாரதி அனுமதிப்பத்திரப் பரீட்சைக்கு இது பயன்படலாயிற்று. பக்கக் கண்ணாடியைப் பார்த்தாரா என்பதும் அதற்குத் தெரியும். இதுபோன்றதொன்று எங்கள் பஸ்ஸில் இருந்திருப்பின், மாடுகளும் பதிவாகியிருக்கும், அந்தச் சிரிப்பும் பதிவாகியிருக்கும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. அங்கே பரீட்சைக்கு வந்தவர் தாம் அவதானிக்கப்படுவதை அறிவார். எங்கள் சாரதி எதையும் அறியார்.

இதனை மாணவனிடஞ் சொன்னேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"முன்கூட்டியே சொன்னால் அவர் இயல்பாக ஓட மாட்டாரே, சேர். பிறகு ஆராய்ச்சி என்னாவது?"

நியாயமான கேள்விதான், ஆய்வாளர் பலரையும் மலைக்கவைக்குங் கேள்வி. ஆயினும் பஸ்ஸிலே ஐம்பது பேர் இருந்தோம். இயல்பாக ஓடாவிட்டால் ஓடாமற் போகட்டும், தம்பி, ஒருநாளாவது நாங்கள் பயமின்றி நித்திரை கொண்டு போவோம் என்றேன்.