மழைக்குள் ஒரு கொல்லைப்புறம்

வட தேசங்களில் வசந்தம் பிறந்த பிறகும் சில வருஷங்களில் திடீரென்று வெண்பனி பெய்து தரையை மூடிவிடுவதுண்டு. கொல்லைப்புறத்துப் பட்சிகள் அப்போது ஆகாரத்துக்கு என்ன செய்யும் என்று அந்நாட்டார் கவலைப்படுவார்கள். நம் பக்கத்தில் வெண்பனி ஏது? ஆனால் விடாமழை இருக்கிறதே!

2024-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறிற்று. கடலோரத்தோடு நில்லாமல் உள்நாட்டு ஜில்லாக்களிலும் கொட்டித் தீர்த்தது. அச்சமயம் நாம் கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்குச் சமீபத்திலுள்ள வடக்கனந்தலில், தாய்மாமன் வீட்டில் அடைபட்டிருந்தோம். மலையும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் கொல்லைப்புறம் ஒன்றுதான்.

"தை பிறக்கட்டும், மாப்பிள்ளை! இந்தக் குப்பையும் சேறும் இல்லாமல் கொல்லை முழுவதும் சிமெண்டு பூசிவிடப் போகிறேன்" என்றார் மாமா. நாமும் தலையாட்டினோம்.

தாழ்வாரத்தில் உட்கார்ந்து பார்க்கப் பார்க்க, நம் தலையாட்டல் தளர்ந்தது. சின்னஞ்சிறு உடம்பில் சூடு வெகு சீக்கிரம் குறைந்துவிடும். மனிதர் ஒரு வேளை பட்டினி கிடந்தால் விரதம். குருவி ஒரு நாள் பட்டினி கிடந்தால் உயிருக்கே ஆபத்து. தேன்சிட்டின் எடை பத்துக் கிராம்கூட இராது. பூக்களிலெல்லாம் மழைநீர் புகுந்துவிட்டதால், அது வாழையிலையின் அடியில் ஒதுங்கிய சிலந்திகளைக் கொத்திற்று. தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து, கொய்யாமரத்தடிச் சருகுகளைப் புரட்டிப் புழுபூச்சி தேடின. தொழுவத்து ஓரச் சேற்றில் மைனாக்களுக்கு மண்புழு கிடைத்தது. வைக்கோற்போரின் அடியில் சிட்டுக்குருவிகள் உதிர்ந்த நெல்லைப் பொறுக்கின. காகம் மட்டும் ஜன்னலில் வந்து நின்று, அத்தை வைக்கும் சோற்றை அதிகாரத்துடன் கேட்டு வாங்கிக்கொண்டது.

பரிதாபத்துக்குரியவன் கரிச்சான்தான். பறக்கும் பூச்சியைப் பறந்தே பிடிப்பது அவன் தொழில். கொட்டும் மழையில் எந்தப் பூச்சி பறக்கும்? நனைந்த வாலைத் தொங்கவிட்டு வேலிக்கம்பில் உட்கார்ந்திருந்தான்.

மழை விட்ட மாலையில் வேலியோரத்து மண்ணிலிருந்து ஈசல் புறப்பட்டது. ஈரத்துக்காகக் காத்திருந்த கறையான்களுக்குச் சிறகு முளைத்த கலியாண ஊர்வலம் அது! கரிச்சான் பாய்ந்து பாய்ந்து பிடித்தான். மைனாவும் காகமும் பந்திக்கு முந்தின.

மாமா வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "சிமெண்டு பூசினால் இது எந்த வழியாக வெளியே வரும், மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

நாம் பதில் சொல்லவில்லை.

தை பிறந்தது. கிணற்றடியிலிருந்து சமையலறை வாசல் வரையில் இரண்டடி அகலத்துக்குச் சிமெண்டு நடைபாதை போட்டார் மாமா. கொய்யாமரத்தடிச் சருகு மட்டும் இன்றும் அங்கேயே கிடக்கிறது.