முகத்தில் எழுதாத கலை

கலைகள் அறுபத்து நான்கு என்று நம் முன்னோர்கள் கணக்கிட்டார்கள். அந்த ஜாபிதாவில் சூதாட்டத்துக்கும் ஓர் இடம் உண்டு என்று சொன்னால், நேயர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் வாஸ்தவம் அதுதான். ஆகையால் அமெரிக்கர்கள் தங்கள் போக்கர் சீட்டாட்டத்தை ஒரு கலையென்று கொண்டாடும்போது நாம் சிரிப்பதற்கில்லை. அதில் நியாயம் எவ்வளவு என்று விசாரிப்பதே முறை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நியூ ஆர்லியன்ஸ் நகரிலும் மிஸிஸிபி நதியின் நீராவிப் படகுகளிலும் வளர்ந்த ஆட்டம் இது. 52 சீட்டுகளிலிருந்து 25,98,960 விதமான ஐந்து சீட்டுச் சேர்க்கைகள் அமையலாம். அவற்றுள் யாவற்றிலும் உயர்ந்தவை நாலே நாலுதான்! அதற்காகக் காத்திருப்பவன் ஆயுள் முழுதும் காத்திருக்க வேண்டியதே. ஆகவே ஆட்டக்காரன் வேறு யுக்தி செய்கிறான். உதவாக்கரைச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, சக்கரவர்த்தித் திருமகனைப் போல் பந்தயத்தை ஏற்றுகிறான். மற்றவர்கள் பயந்து விலகிவிட்டால் பணம் அவனுடையது. சீட்டைக் காட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை.

இந்தப் பொய்ப் பந்தயத்துக்குக் கணித சாஸ்திரமே நற்சாட்சி கூறியிருக்கிறது. 1944-இல் வான் நாய்மன், மார்கன்ஸ்டெர்ன் என்ற இரு அறிஞர்கள் எழுதிய நூலில் போக்கரைப் பற்றி ஒரு பகுதியே உண்டு. நல்ல சீட்டு வந்தபோது மட்டும் பந்தயம் கட்டுகிறவனை எல்லோரும் அறிந்துகொள்வார்கள். அவன் நல்ல சீட்டுக்கும் பயன் இராது. ஆகவே இடையிடையே பொய்யும் வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

நம் பரத சாஸ்திரம் உள்ளத்து உணர்ச்சியை முகத்தில் காட்டச் சொல்கிறது. போக்கர் அதை மறைக்கச் சொல்கிறது. இரண்டும் அபிநயந்தான். ஆனால் மறைக்கும் அபிநயத்தை ரஸிப்பதற்குச் சீட்டும் முகமும் சேர்ந்து தெரிய வேண்டுமே! அந்தக் குறையைச் சித்திரக்காரர்களும் சினிமாக்காரர்களும் தீர்த்து வைத்தார்கள். கூலிட்ஜ் என்பவர் 1903-இல் எழுதிய படத்தில் நாய்கள் கம்பீரமாகச் சீட்டாடுகின்றன. ஒரு நாய் மேஜைக்கடியில் காலால் ஏஸைத் தோழனுக்குக் கடத்துகிறது! 1965-இல் வெளிவந்த 'ஸின்ஸினாட்டி கிட்' படத்திலோ, ஓர் இளைஞனும் கிழவரும் கடைசிச் சீட்டைத் திருப்பும் கட்டத்தில் நம் மூச்சு நின்றுவிடும்.

நிற்க. சங்கீத வித்வானுக்குச் சன்மானம் தராவிட்டாலும் தோடி தோடிதான். போக்கரில் பணத்தை எடுத்துவிட்டால்? எதிரிக்குப் பயம் இல்லை. பயம் இல்லாத இடத்தில் பொய்ப் பந்தயத்துக்கு மதிப்பும் இல்லை. பிறர் நஷ்டத்தில் மட்டுமே மலரும் கலை இது ஒன்றுதான்.

என்னிடம் கணக்குப் படித்த மாணாக்கன் ஒருவன், வெகு கெட்டிக்காரன், உத்தியோகம் ஏற்ற பிறகு கைப்பேசியில் இதை ஆடத் தொடங்கினான். அங்கே எதிரே முகமும் இல்லை, மௌனமும் இல்லை. கலையில் பாதி அங்கேயே போயிற்று. நஷ்டம் மட்டும் முழுசாக நின்றது. மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குச் சென்றது. அவனுக்குச் சாமர்த்தியம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. சாமர்த்தியம் இருந்ததனாலேயே அடுத்த ஆட்டத்தில் மீட்டுவிடலாம் என்று நம்பினான்!

2022-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் போக்கரை அதிர்ஷ்ட ஆட்டம் என்றது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் திறமை ஆட்டம் என்றது. 2025-இல் பாராளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டமே கூடாது என்று சட்டம் செய்தது. கேள்வியைத் திறமையிலிருந்து பணத்துக்கு மாற்றியது சரியென்பதே என் அபிப்பிராயம்.

ஆகவே, போக்கர் கலையை ரஸிக்க விரும்புவோர் குடும்பத்துடன் அமர்ந்து அந்தச் சினிமாவைப் பார்க்கலாம். அதில் தோற்கிறவன் கதாநாயகன்; நம் வீட்டுச் சங்கிலி கழுத்திலேயே இருக்கும்.